வரைகலைக் கல்வியும் வன்னி நிலமும் – ஒரு விமர்சன நோக்கு

கலைகளைப் பற்றித் தமிழிலே எழுந்த விமர்சனங்கள் இலக்கியத்தையும் நாடகத்தையும் கூத்தையும் சிற்பத்தையும் ஓவியத்தையும் தம் பொருளாகக் கொண்டன. ஆயின் சாதாரண மனிதன் ஒருவன் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை கண்ணாற் காணும் வடிவங்களுட் பெரும்பாலானவை இவற்றுள் எதிலும் அடங்குவதில்லை. கடையின் பெயர்ப்பலகை, மதிலில் ஒட்டிய மரண அறிவித்தல், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், பாடநூலின் பக்கம், பிரதேச செயலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் படிவம் என்பனவே அவன் நாளாந்தம் எதிர்கொள்ளும் கட்புல வடிவங்கள். எழுத்தையும் உருவத்தையும் நிறத்தையும் வெற்றிடத்தையும் ஒழுங்குபடுத்தி, ஒரு செய்தியைப் பலர் கண்ணுக்கு எட்டவைக்கும் தொழிலே வரைகலை வடிவமைப்பு. இத்தொழில் இன்று பல்கலைக்கழகப் பட்டப்படிப்பின் பொருளாகவும் ஆகியுள்ளது. எனினும் அதனை எதற்காகக் கற்பது, எந்த மக்களை மனங்கொண்டு கற்பது என்னும் வினாக்கள் தமிழ்ச் சூழலில் இன்னும் உரியவாறு எழுப்பப்படவில்லை.

இவ்விடயத்தில் இருவேறு கருத்துக்கள் நம்மிடையே நிலவுகின்றன. வரைகலை என்பது கணினி மென்பொருள் இரண்டு மூன்றைப் பழகுவதே, ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு அதற்குப் போதும், பட்டம் வேண்டுவதில்லை என்பது ஒன்று. இது அச்சகத்தாரதும் வேலை தருவோரதும் கருத்து. வரைகலை வணிகத்தின் ஏவல், ஓவியனின் சுயமான வெளிப்பாட்டுக்கு அதில் இடமில்லை, ஆதலால் அது நுண்கலையின் உயரத்துக்கு வராது என்பது மற்றையது. இது கலைவாணர் சிலரது கருத்து. முதலாவது கருத்து அதனைக் கைத்திறனாகச் சுருக்குகின்றது. இரண்டாவது கருத்து அதனைக் கலையன்று என ஒதுக்குகின்றது. தோற்றத்தில் ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரண்டும் உண்மையில் ஓர் இடத்திற் சந்திக்கின்றன. வரைகலைக்குச் சமூகப் பொறுப்பு ஒன்று உண்டென்பதை இரண்டுமே காணத் தவறுகின்றன.

அப்பொறுப்பு யாதென்பதை அறிய வன்னிப் பெருநிலப்பரப்பைக் காட்டிலும் பொருத்தமான களம் வேறில்லை எனலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் ஒரு பலகையின் எழுத்தும் நிறமும் உயிரோடும் காணியோடும் நினைவோடும் நேரே தொடர்புற்றவை. அங்கு நின்ற, நிற்கின்ற சில வரைகலை வடிவங்களை முதலில் எடுத்து நோக்கி, அவற்றின் வழியே பட்டப்படிப்பின் உள்ளடக்கத்தை ஆராய்தல் தகும். ஒவ்வொரு வடிவத்திடமும் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: பேசுபவர் யார்? யாரை நோக்கிப் பேசுகின்றார்? எவ்வளவு காலத்துக்குப் பேசுகின்றார்?

கல்லும் சின்னமும்

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல்லை நாட்டினர். கப்டன் வொன் டிறிபேர்க் என்பான் பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி தோற்கடித்தமையை அது ஆங்கிலத்திற் பொறித்துக் கூறியது. வன்னியின் காட்டு நிலத்தில், ஆங்கிலம் அறியாத குடிகளின் நடுவே, அவர்தம் தலைவனின் தோல்வியை அவர்களுக்கு விளங்காத மொழியில் நாட்டியமை இங்கு கூர்ந்து நோக்கற்பாலது. அக்கல் பேசியது வன்னியாரோடு அன்று. அது பின்வரும் ஆங்கிலேய அதிகாரிகளோடு பேசியது. பார்ப்போருக்கும் படிப்போருக்கும் இடையே இவ்வாறு பிளவு ஏற்படுத்துவது ஒரு வடிவமைப்புத் தீர்மானமே. கல்லின் பருமை, எழுத்தின் மொழி, நாட்டிய இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதன் பொருளை ஆக்கின. எழுத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கும் கல் ஒரு செய்தியைச் சொல்லிற்று. இந்நிலம் இனி வேறொருவருடையது என்பதே அச்செய்தி.

2009இல் போர் முடிவுற்ற பின்னர் கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியோரம் எழுந்த நினைவுச்சின்னத்தையும் இதனோடு ஒப்பிடலாம். கனசதுரமான கொங்கிறீற்றுச் சுவரை ஒரு பீரங்கிக் குண்டு துளைத்து நிற்கின்றது. வெடிப்பின் மேலே ஒரு தாமரை மலர்கின்றது. வடிவ அளவில் இது எளிதில் விளங்கக்கூடிய சின்னம். குண்டு, பிளவு, மலர் என்ற மூன்று உறுப்புக்களை மட்டும் கொண்டு ஒரு முழு வாக்கியத்தை அது ஆக்கியுள்ளது. ஆயின் அவ்வாக்கியத்தின் எழுவாய் யார்? சுவரைத் துளைத்தவன் தன்னை அதிற் காண்பான். சுவருக்குள் இருந்து இடம்பெயர்ந்து, வீடும் உறவும் இழந்து, மீண்டும் அதே வீதியால் வந்த குடியானவன் தன்னை எங்கே காண்பான்? குண்டிலா, பிளவிலா, மலரிலா? அவனுக்கு அச்சின்னத்தில் இடம் இல்லை. உருவம் தெளிவாக இருந்தும் உள்ளடக்கம் ஒரு சாராருக்கே உரியதாயின் பொது வெளியில் நிற்கும் சின்னம் பொதுச் சின்னம் ஆகாது. உருவம், உள்ளடக்கம் பற்றி இலக்கிய விமர்சனத்தில் நிகழ்ந்த விவாதங்கள் வரைகலைக்கும் பொருந்தும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மிதிவெடிப் பலகை

இவற்றுக்கு நேர்மாறான ஒரு வடிவம் அதே நிலத்தில் நின்றது. சிவப்புப் பின்னணியில் வெள்ளை மண்டையோடும் அதன் கீழே குறுக்கிட்ட எலும்புகளும் கொண்ட மிதிவெடி எச்சரிக்கைப் பலகையே அது. மீள்குடியேற்றம் மிதிவெடி அகற்றும் பணியின் வேகத்தைப் பொறுத்திருந்த காலத்தில், வன்னியில் மிகப் பலராற் கவனமாகப் படிக்கப்பட்ட வரைகலை ஆக்கம் இதுவே என்று கூறின் மிகையாகாது. இதனை வரைந்தவர் பெயரை எவரும் அறியார், எவரும் கேட்டதுமில்லை.

இப்பலகையின் சிறப்பு அதன் அழகிலன்று, அதன் ஒழுங்கில் உள்ளது. எழுத்தறியாதவனுக்கும் சிறு பிள்ளைக்கும் நிறமும் உருவமும் செய்தி சொல்கின்றன. எழுத்தறிந்தவனுக்கு மொழி அதனை உறுதிப்படுத்துகின்றது. பலகை இல்லாத இடங்களில் நிறம் தீட்டிய கட்டைகளும் கற்களும் அதே செய்தியைத் தொடர்கின்றன. சிவப்பு ஆபத்தின் பக்கத்தையும் வெள்ளை பாதுகாப்பான பக்கத்தையும் குறிப்பது இப்பணித்துறையின் உலகப் பொது வழக்கு. ஒரே கல்லின் இரு பக்கங்கள் இரு உலகங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. எங்கும் ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே பொருள். ஒரு கிராமத்தில் கற்றுக்கொண்டவன் இன்னொரு கிராமத்தில் பிழைவிடாதிருக்க இந்த ஒருமைப்பாடு இன்றியமையாதது. வடிவமைப்பாளனின் தனித்துவம் இங்கே குற்றமாகும். ஒருவன் தன் கற்பனைக்கேற்ப நிறத்தை மாற்றினால் இன்னொருவன் காலை இழப்பான்.

இப்பலகைக்கு இன்னொரு கடமையும் உண்டு. நிலம் துப்புரவாக்கப்பட்டதும் அது அகற்றப்படல் வேண்டும். ஆபத்து நீங்கிய காணியில் எச்சரிக்கை நின்றால் காணிக்காரன் அதைப் புறக்கணிக்கப் பழகுவான். பழகியவன் உண்மையான எச்சரிக்கையையும் புறக்கணிப்பான். ஆகவே தான் நிற்க வேண்டிய காலத்தையும் நீங்க வேண்டிய காலத்தையும் உடன்கொண்டே இவ்வடிவம் ஆக்கப்படுகின்றது. கற்சிலைமடுக் கல்லை நாட்டியவர்கள் என்றென்றைக்கும் நிற்கவே நாட்டினர். மிதிவெடிப் பலகையை நாட்டுவோர் ஒருநாள் அதைப் பிடுங்குவதற்காகவே நாட்டுகின்றனர். ஒன்று அதிகாரத்தின் எழுத்து. மற்றையது சேவையின் எழுத்து.

மொழி கடந்த இத்தகைய குறியீட்டு முறைக்கு உலகில் ஒரு வரலாறு உண்டு. 1920களில் வியன்னா நகரத்து நூதனசாலை ஒன்றில் ஒட்டோ நியூராத் என்னும் சமூகவியலாளர் தொழிலாளருக்குப் புள்ளிவிபரங்களை விளக்குவதற்காகப் பட மொழி ஒன்றை உருவாக்கினார். கெர்ட் ஆர்ன்ட்ஸ் அதற்கு உருவங்களை வரைந்தார். பின்னர் ஐசோடைப் எனப் பெயர்பெற்ற இம்முறையை 1950களில் மாரி நியூராத் மேற்கு நைஜீரியாவுக்குக் கொண்டுசென்றபோது, ஐரோப்பிய உருவங்கள் அங்கு அப்படியே பயன்படவில்லை. அவ்வூர் மக்களின் உடையையும் வீட்டையும் கண்டறிந்து உருவங்களை மீள வரைய வேண்டியிருந்தது. உலகப் பொதுமை என்பதும் ஊர் அறிவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை இவ்வரலாறு தெளிவாக்கும்.

மும்மொழிப் பலகையும் எழுத்துருவும்

1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதன்பின் அரச பெயர்ப்பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் ஒழுங்கில் மும்மொழியிலும் எழுதப்பட்டு வருகின்றன. சட்டம் தந்த இடத்தை வடிவமைப்புத் தருகின்றதா என்பதே விமர்சகனின் வினா. அலுவலகப் பெயர்கள் தமிழில் பொதுவாக நீண்டவை. மூன்று மொழிக்கும் ஒரே அகலம் ஒதுக்கும் பலகையில் தமிழ் வரி அடங்காதபோது, எழுத்தின் அகலத்தை மட்டும் நெருக்கி உள்ளே தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு நெருக்கும்போது 'ண', 'ன' ஆகியவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி வேறுபாடு மறைகின்றது. தூரத்தில் வாகனத்தில் வருவோன் படிக்க இயலாத பலகை சட்டத்தை நிறைவேற்றுகின்றது, தன் தொழிலை நிறைவேற்றுவதில்லை. எழுத்துப் பிழைகள் பற்றி நம்மவர் அடிக்கடி முறையிடுவர். ஆயின் பிழையற்ற எழுத்தும் படிக்க முடியாதவாறு நெருக்கப்படின் அதுவும் மொழியுரிமைக் குறைபாடே என்பது பலராலும் உணரப்படவில்லை.

எழுத்துருப் பிரச்சினை இதனிலும் ஆழமானது. இலங்கையின் தமிழ் அச்சகங்களில் 'பாமினி' என்னும் எழுத்துரு நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பழைய முறையில் அமைந்த இவ்வெழுத்துருவில் தட்டச்சுச் செய்யும்போது கணினி சேமித்துவைப்பது தமிழ் எழுத்துக்களையன்று. ஆங்கில எழுத்துக்களின் குறியெண்களே சேமிக்கப்படுகின்றன. அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தப்படுகின்றது. எழுத்துரு நீங்கின் பொருளற்ற ஆங்கிலக் கோவை ஒன்றே எஞ்சும். 1991இல் வெளிவந்த ஒருங்குறி முறை இதற்கு மாறாகத் தமிழ் எழுத்துக்களுக்கும் உயிர்க்குறிகளுக்குமெனத் தனிக் குறியெண்களை வழங்கிற்று. அம்முறையில் 'கெ' என்பதில் ககரம் முன்னும் எகரக் குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையிற் காட்டும்போதே கொம்பு முன்னே நகரும். இந்நகர்வைச் செய்யத் தெரியாத, அல்லது அதற்குரிய வசதி தெரிவுசெய்யப்படாத மென்பொருளில் கொம்பு மெய்யின் பின்னே தனித்து நின்றுவிடும். அச்சகத்தார் இத்தொல்லைக்கு அஞ்சிப் பாமினியிலேயே நின்றுவிட்டனர். அவர்களைக் குறைகூறுவதிற் பயனில்லை. நாளை காலை விநியோகிக்க வேண்டிய பிரசுரத்தை இன்றிரவு அச்சிடுபவனுக்கு உடனே வேலை முடிவதே தேவை. பாமினியிலிருந்து வெளியேறும் வழியைக் கற்பிக்க வேண்டிய கல்வி நிறுவனங்களே இதற்கு விடை கூற வேண்டியவை.

இது வெறும் தொழினுட்ப விடயம் என எண்ணுதல் தவறு. நம்மவரிடையே ஒருவர் இறந்து 31ஆம் நாள் 'கல்வெட்டு' என்னும் நினைவு மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. இறந்தவரின் பிறப்பு, வம்சம், கல்வி, தொழில், உறவுமுறை யாவும் அதில் இடம்பெறும். போரிலும் இடப்பெயர்விலும் பெட்டிகளையும் படங்களையும் உறுதிகளையும் இழந்த குடும்பத்துக்கு இச்சிறு நூல் எஞ்சியிருக்கும் ஒரே குடும்ப வரலாறாகவும் இருத்தல் கூடும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டி வருகின்றது. பாமினியில் தட்டச்சுச் செய்யப்பட்டுக் கணினிக் கோப்பாக எஞ்சும் வாழ்க்கை வரலாற்றைக் குறியெண் மாற்றாமல் தேடவும் முடியாது. கண்பார்வையற்றோருக்கான வாசிப்பு மென்பொருள் அதனை வாசிக்கவும் மாட்டாது. ஓர் அச்சகத்தின் எழுத்துருத் தெரிவு ஒரு கிராமத்தின் வரலாறு தேடிக் கண்டெடுக்கப்படுமா, இல்லையா என்பதையும் தீர்மானிக்கின்றது.

கல்வெட்டு மலரின் படத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். இறந்தவரின் படம் வேறெதுவும் இல்லாதபோது அடையாள அட்டைப் படத்தையே பெருப்பித்து, பின்னணியை நீக்கி, நீல வானத்தையும் ரோசாப் பூக்களையும் சேர்த்து, சில வேளைகளில் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்து விடுவர். வாழ்நாளெல்லாம் வெறும் மேலோடு வயலில் நின்ற கமக்காரன் இறந்தபின் கோட்டு அணிகின்றான். இதனை ரசனைக் குறைவு என்று எள்ளி நகையாடுதல் எளிது. ஆயின் அக்குடும்பத்தின் விருப்பம் அதில் உண்டு. இறந்தவருக்கு வாழ்வு கொடுக்காத கௌரவத்தைப் படமாவது கொடுக்கட்டும் என்ற ஏக்கம் உண்டு. அவ்வேக்கத்தை மதித்துக்கொண்டே அம்மனிதனின் உண்மையான முகத்தையும் காப்பாற்றுவது எங்ஙனம் என்பது கடினமான வடிவமைப்பு வினா. ஆறு மாத மென்பொருள் வகுப்பில் இவ்வினாவுக்கு இடமில்லை. ஓவியக் கூடத்திலும் இது எழுவதில்லை.

படம் ஏந்திய கைகள்

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அங்கு தாய்மார் ஏந்திய படங்களும் கட்டப்பட்ட பதாகைகளும் வன்னியின் சமகால வரைகலையில் மிகுந்த கவனத்துக்குரியவை. ஒருவரது படம் மட்டும் இருந்தால் அது குடும்பத் துயரம். அதே அளவில், அதே சட்டகத்தில், வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான முகங்கள் சமூகத்தின் வினாவாகி விடுகின்றன. அடுக்குதலும் திரும்பத் திரும்ப வருதலும் இங்கே வாதமாகத் தொழிற்படுகின்றன. இவற்றை ஆக்கியோர் எவரும் வரைகலைப் பட்டதாரிகள் எனக் கூறிக்கொண்டவர் அல்லர். தேவையே அவர்களுக்கு ஆசிரியன்.

ஆயினும் குறைகள் உள. மலிவான பிளாஸ்ரிக் பதாகையில் அச்சிட்ட நிறம் வன்னி வெயிலில் நெடுநாள் நிற்பதில்லை. முதலில் மங்குவது முகத்தின் நிறமே. காணாமற்போனவரைத் தேடுவதற்காக எழுப்பிய படம் தானே காணாமற்போகும் நிலை துன்பமானது. எந்தத் தாளில், எந்த மையில், எவ்வாறு அச்சிட்டால் முகம் நிலைக்கும் என்னும் அறிவு வேதியியலும் அச்சியலும் கலந்த அறிவு. அதனைக் கற்றவன் இத்தாய்மாருக்குச் செய்யக்கூடிய உதவி ஆயிரம் அனுதாபக் கவிதைகளிலும் மேலானது.

தோம்பு தரும் பாடம்

கற்ற கலைஞன் ஒருவன் இத்தகைய பொருளை எவ்வாறு கையாளலாம் என்பதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியரும் கலை வரலாற்றாசிரியருமான தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட முற்றுப்பெறாத தோம்பு பற்றிய கலைஞர் நூல் சான்றாகும். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த வடபுல மக்கள் தாம் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அவ்வரைபுகளோடு கட்டடக்கலைஞரின் சீரான நிலப்படமும் ஓவியரின் சித்திரமும் இணைக்கப்பட்டன. நூலின் புறத்தோற்றம் அரச அலுவலகக் கோப்பினை ஒத்தது.

இங்கு வடிவமே விமர்சனம். உறுதியும் வரிச்சீட்டும் கேட்கும் அலுவலகத்தின் முன், உறுதியை இழந்தவன் தன் நினைவையே உறுதியாக நீட்டுகின்றான். நடுங்கும் கையால் வரைந்த அறையும் கிணறும் மாமரமும் கட்டடக்கலைஞரின் நேர்கோட்டின் அருகே நிற்கும்போது, எது உண்மையான ஆவணம் என்ற ஐயம் வாசகனிடம் எழுகின்றது. கிளிநொச்சி நினைவுச்சின்னத்தில் தன்னைக் காணாத குடியானவன் இத்தகைய நூலிலே தன்னைக் காண இயலும். ஏனெனில் வரைந்த கை அவனுடையது. எனினும் ஒரு வரம்பையும் சுட்டுதல் நேர்மை. கலைஞர் நூல் என்னும் வடிவம் இயல்பாகவே சிறிய வட்டத்தையே சென்றடையும். பிரதேச செயலகத்தின் வாங்கில் காணிப் படிவத்தோடு காத்திருப்பவனின் கையில் அது இல்லை. அவன் கையில் இருப்பது படிவம். தோம்பு நூலின் அறிவும் அறமும் அந்தப் படிவத்துக்குள்ளேயும் இறங்க வேண்டும். அதற்கே வரைகலைக் கல்வி வேண்டும்.

பட்டப்படிப்பின் நிலை

வன்னியிலே உயர்கல்வி நிறுவனங்கள் உள. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாக அமைந்த வவுனியா வளாகம் 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. பிரயோக விஞ்ஞானமும் வணிகமும் தொழினுட்பமும் பொறியியலும் விவசாயமும் இவற்றின் துறைகள். கட்புலக் கலைக்கென ஒரு பீடம் இல்லை. வரைகலையைக் கற்க விரும்பும் முல்லைத்தீவு மாணவன் வேறு திசைகளை நோக்க வேண்டும். 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் மரபில் சித்திரமும் வடிவமைப்பும் யாழ்ப்பாணத்திலே தமிழிற் கற்பிக்கப்பட்டு வருகின்றன. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டம் ஆங்கிலத்தில் நிகழ்வது. 2005இல் அமைந்த கொழும்புக் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் சிங்களமே பயிற்றுமொழி.

இதன் விளைவு யாது? தமிழிற் கற்போனுக்கு ஓவிய மரபு கிடைக்கின்றது. எழுத்துருவியலும் குறியெண் அறிவும் போதிய அளவு கிடைப்பதில்லை. ஆங்கிலத்திற் கற்போனுக்கு உலக வடிவமைப்பு வரலாறு கிடைக்கின்றது. தமிழெழுத்து ஒரு பக்கக் குறிப்பாகவே எஞ்சுகின்றது. இரண்டுக்கும் இடையே விழுந்துகிடப்பது தமிழ்ப் பக்கம்.

வெளிநாட்டு மாதிரிகளைப் பின்பற்றுவதால் மட்டும் இவ்விடைவெளி நிரம்பாது. ஜேர்மனியில் 1919 முதல் 1933 வரை இயங்கிய பௌஹவுஸ் கல்லூரியில் ஹெர்பெர்ட் பேயர் பெரிய எழுத்துக்களை நீக்கிய புதிய அகரவரிசையை ஆக்கினார். ஒரே ஒலிக்கு இரு வடிவங்கள் எதற்கு என்பது அவர் வினா. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரச்சினையே இல்லை. நமது வினாக்கள் வேறு: 247 எழுத்துக்கள், மேலும் கீழும் முன்னும் பின்னும் வளரும் உயிர்க்குறிகள், நீண்ட சொற்கள். பௌஹவுஸிடமிருந்து பெறவேண்டியது வினா எழுப்பும் துணிவு. அதன் விடைகள் நமக்குரியன அல்ல. 1958இல் சாள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை இதனை உணர்ந்தே அமைந்தது. நீர் மொள்ளும் செம்பை எடுத்து, அதன் கொள்ளளவு, எடை, இடுப்பில் அமரும் முறை, கழுவும் வசதி, விலை என ஒவ்வொன்றாக அவர்கள் வினவினர். அவ்வறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவகம் தோன்றியது. தமிழெழுத்தையும் அச்செம்பைப் போல எடுத்து வினவும் கல்வியே நமக்கு வேண்டுவது.

பாடத்திட்டத்துக்குரிய சில எண்ணங்கள்

முதலாவதாக, எழுத்தின் வரலாறு அடிப்படைப் பாடமாதல் வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படவில்லை. அச்சு வந்தபின் புள்ளி நிலைபெற்றது. வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கினார். ஆறுமுகநாவலர் 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். 1978இல் தமிழ்நாட்டரசு 'ணை, லை, ளை, னை' முதலியவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் ஒரு கருவியும் ஒரு சமூகத் தேவையும் நின்றன. இதனை உணர்ந்த மாணவன் எழுத்தை அலங்காரமாகக் கருதான்.

இரண்டாவதாக, நமக்கு முன்னோடிகள் உளர் என்பது கற்பிக்கப்படல் வேண்டும். தமிழ்நாட்டில் ஓவியர் ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்துக்களை வரைந்து தமிழெழுத்துக்கு நவீன ஓவியத்தின் வீச்சை அளித்தார். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் 'கவிவனார்', 'பவனம்' என்னும் ஒருங்குறித் தமிழ் எழுத்துருக்களை ஆக்கி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த வழிசெய்தார். பாமினிக்கு மாற்று இல்லை என்பது இனிச் செல்லுபடியாகாத வாதம்.

மூன்றாவதாக, மும்மொழிப் பக்கம் இந்நாட்டுக்கே உரிய வடிவமைப்புச் சவால். மூன்று எழுத்து முறைகளும் சமமாகத் தோன்றுவதற்கு ஒரே அளவில் அமைத்தல் போதாது. ஒவ்வொன்றின் உடற்பருமையும் வரியிடைவெளியும் தனித்தனியே கணிக்கப்படல் வேண்டும். இதனைச் சிங்கள, தமிழ் மாணவர் ஒரே மேசையிலிருந்து பழகின், அதன் பயன் எழுத்தளவில் மட்டும் நில்லாது.

நான்காவதாக, களப்பணி இன்றியமையாதது. குளத்து நீர் திறக்கும் அறிவித்தல், காணிப் படிவம், மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகை, கல்வெட்டு மலர் ஆகியவற்றை மாணவன் பட்டத்துக்குரிய செயற்றிட்டமாக எடுத்து, அவற்றைப் பயன்படுத்தும் மக்களிடம் கொடுத்துப் பார்த்து, அவர்கள் தடுமாறும் இடங்களைக் குறித்துத் திருத்த வேண்டும். ஒரு மூதாட்டி பிறர் உதவியின்றிப் படிவத்தை நிரப்பி முடிப்பதே அங்கே பரீட்சை.

இவற்றுக்கெல்லாம் வளமில்லை, ஆசிரியரில்லை, ஆய்வுகூடமில்லை என்று கூறப்படலாம். அது முற்றும் பொய்யன்று. ஆயின் மேற்கூறியவற்றுட் பெரும்பகுதிக்கு வேண்டுவன தாளும் மையும் ஒரு சாதாரணக் கணினியும் பொறுமையுமே. மாணவர் வேலைவாய்ப்பையே நாடுவர், சமூகப் பொறுப்புச் சோறு போடாது என்றும் கூறப்படலாம். தமிழ், சிங்கள, ஆங்கில எழுத்துக்களை ஒரே பக்கத்திற் செம்மையாக அமைக்கத் தெரிந்தவனுக்கு இந்நாட்டில் வேலை இல்லாமற் போகாது. மென்பொருளை மட்டும் அறிந்தவனின் இடத்தையே இன்று தானியங்கிக் கருவிகள் விரைவாகப் பிடித்து வருகின்றன. அடையாள அட்டைப் படத்துக்குக் கோட்டு அணிவிப்பது கருவிக்கு எளிது. அணிவிக்கலாமா என அக்குடும்பத்தோடு இருந்து பேசித் தீர்மானிப்பது அதன் வேலையன்று.

வன்னியின் மாணவன் இக்கல்விக்கு வெறுங்கையோடு வருபவன் அல்லன். நிறம் பிழைத்தால் உயிர் பிழைக்காது என்பதை அறிந்த ஊரிலிருந்து அவன் வருகின்றான். படம் மங்கினால் மனிதன் மறக்கப்படுவான் என்பதையும், படிவம் விளங்காவிட்டால் காணி திரும்பாது என்பதையும் வீட்டிலேயே கண்டவன் அவன். வரைகலையின் அடிப்படைப் பாடங்களை வாழ்க்கை அவனுக்கு முன்கூட்டியே கற்பித்துவிட்டது. அவற்றை முறைப்படுத்தி, கருவியும் வரலாறும் கோட்பாடும் சேர்த்து, அவனது ஊருக்கே பயன்படுமாறு திருப்பிக் கொடுத்தல் பல்கலைக்கழகத்தின் கடன். வன்னியிலே தொழினுட்ப பீடங்கள் வேரூன்றியுள்ள இந்நாளில், அவற்றின் அருகே எழுத்துக்கும் உருவத்துக்கும் ஒரு துறை அமைத்தல் மிகையான கோரிக்கையன்று. அவ்வாறு அமையும் வரையிலும், இருக்கும் நுண்கலைத் துறைகள் தம் பாடத்திட்டத்தில் தமிழ்ப் பக்கத்துக்கு உரிய இடத்தை வழங்குதல் வேண்டும். அவ்விடத்தை வேறெவரும் வழங்கப்போவதில்லை.